இரண்டாவது ராஜபார்ட்

எனக்கு கோமதி நாயகம் பிள்ளையைப் பிடிக்கும். 'காவியத்தலைவன்' பார்த்த நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கூடப் பிறக்காத குறையாக வளர்ந்தவனைக் காட்டிக் கொடுத்தவன், கடைசியில் துப்பாக்கியால் சுட்டே கொன்றவன், அவனைப் போய்ப் பிடிக்கும் என்கிறாயே என்று கேட்கிறார்கள். சுட்டது தப்புதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் படம் ஓடுகிறதே, அதில் அவன் என்ன பாவம் செய்தான் என்று யோசித்துப் பாருங்கள். ஒழுங்காகப் பாடம் பண்ணினான். குரு சொன்ன மாதிரி நடித்தான். தன் முறை வரும் என்று வரிசையில் நின்றான். முறை வந்தபோது வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

2014 நவம்பர் கடைசியில் வந்த படம். வசந்தபாலன் இயக்கம், ஜெயமோகன் வசனம், ஏ.ஆர். ரஹ்மான் இசை. சிவதாஸ் சுவாமிகளின் (நாசர்) நாடக சபாவில் இரண்டு பையன்கள் வளர்கிறார்கள், காளியப்பன் (சித்தார்த்), கோமதி நாயகம் (பிருத்விராஜ்). ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடம், போட்டுக்கொண்டிருந்த மூத்த நடிகர் கோபித்துக்கொண்டு கம்பெனியை விட்டுப் போகிறார். அடுத்த ராஜபார்ட் யார் என்று தீர்மானிக்க, சூரபத்மன் வேடத்தை இருவரையும் செய்து காட்டச் சொல்கிறார் சுவாமிகள். காளி ஜெயிக்கிறான். அவ்வளவுதான், அதற்கப்புறம் நடப்பதெல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தின் வட்டிக் கணக்கு. ஜமீன் பெண்ணோடு காளிக்கு இருந்த ரகசியக் காதலை கோமதி சுவாமிகள் காதில் போடுகிறான், அந்தப் பெண் சாகிறாள், காளி குருவைச் சபிக்கிறான், குரு சாகிறார், காளி கம்பெனியை விட்டுத் துரத்தப்படுகிறான். வருஷங்கள் கழித்து அவன் திரும்பி வந்ததும் கைதட்டல் மறுபடி அவன் பக்கமே போகிறது.

2014ஆம் ஆண்டுக்கான தமிழ்நாடு அரசு விருதுகளில் சித்தார்த்துக்குச் சிறந்த நடிகர், பிருத்விராஜுக்குச் சிறந்த வில்லன். விருதில் தப்பில்லை, இரண்டு பேரும் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனாலும் கோமதி நாயகத்தை 'வில்லன்' என்ற பெட்டியில் போட்டு மூடியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல மத்தியானம் கரண்ட் போய், சாயங்காலம் வந்த பிறகு லேப்டாப்பில் 'ஆல் அபௌட் ஈவ்' பார்த்து முடித்தபோதுதான் அந்த உறுத்தலுக்குப் பெயர் தெரிந்தது.

அது 1950இல் வந்த ஹாலிவுட் படம். எழுதி இயக்கியவர் ஜோசப் மான்கீவிச். கதை முழுக்க நியூயார்க் நாடக உலகம். மார்கோ சானிங் (பெட்டி டேவிஸ்) உச்சத்தில் இருக்கும் மேடை நடிகை, வயது நாற்பதைத் தொட்டுவிட்டது, இன்னமும் இளம்பெண் வேடங்களே போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு இரவும் தியேட்டர் வாசலில் மழைக்கோட்டோடு நிற்கும் ஈவ் (ஆன் பாக்ஸ்டர்) என்ற ரசிகையை, ஒரு தோழி பரிதாபப்பட்டு உள்ளே அழைத்து வருகிறாள். ஈவ் தன் சோகக் கதையைச் சொல்கிறாள், எல்லோரும் கண் கலங்குகிறார்கள், மார்கோ அவளைத் தன் வீட்டிலேயே உதவியாளாக வைத்துக்கொள்கிறாள். கண் கலங்கினாலும் அந்தக் கதையை முழுதாக விழுங்காதவள் பேர்டி என்ற வேலைக்காரம்மா ஒருத்திதான். அவளும் ஒரு காலத்தில் மேடை ஏறினவள், நடிப்பு எது என்று தெரியாதா!

ஈவ் மெல்ல மெல்ல மார்கோவின் மாற்று நடிகையாகிறாள். மாற்று நடிகை என்றால் முதல் நடிகைக்குக் காய்ச்சல் கண்டால் மட்டும் மேடை ஏறுபவள். காய்ச்சல் தானாக வருமா? மார்கோவுக்கு ஒரு பாடம் கற்பிக்கலாம் என்று நினைத்து, அதே தோழியே ஊருக்கு வெளியே காரிலிருந்து பெட்ரோலை வடித்துவிடுகிறாள். மார்கோ பனியில் மாட்டிக்கொள்கிறாள், ரயில் தவறிப்போகிறது, அன்று இரவு ஈவ் நடிக்கிறாள். விமர்சகர்கள் அத்தனை பேரும் அன்று தியேட்டரில் இருக்கிறார்கள். தற்செயலாக வந்தவர்களா என்ன!

இதை எழுதும்போது நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸ் ஞாபகம் வருகிறது, பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். நம் ஐ.டி. தொழிலில் இதற்குப் பெயர் கே.டி., அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். புதிதாக வந்த பையனை நம் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். 'இவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுங்க' என்பார் மேனேஜர். நாமும் பாஸ்வேர்டு வரைக்கும் சொல்லிக் கொடுப்போம். அந்தப் பையன் காபி வாங்கி வருவான், 'உங்ககிட்ட நிறைய கத்துக்கணும் சார்' என்பான், அது பொய்யும் இல்லை. மூன்றாவது மாதம் கிளையன்ட் காலில் நமக்குப் பதிலாக அவன் குரல் கேட்கும். அந்தப் பையன் கெட்டவனா? கோரமங்களாவில் வாடகை என்னவென்று தெரிந்த யாரும் அவ்வளவு சுலபமாகக் கெட்டவன் என்று சொல்லிவிட மாட்டார்கள்.

ஈவ் பொய் சொல்கிறாள், மிரட்டுகிறாள், அடுத்தவள் புருஷன் மேல் கண் வைக்கிறாள். அதெல்லாம் உண்டு. ஆனால் மான்கீவிச்சின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்றால், ஈவ் ஜெயித்த பிறகு யாருமே சாவதில்லை. மார்கோ கொஞ்சம் ஆடிப்போகிறாள், அப்புறம் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள், சின்னப் பெண் வேடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியாகவே இருக்கிறாள். ஈவுக்கு விருது கிடைக்கிறது, கூடவே அடிசன் டிவிட் என்ற விமர்சகரின் பிடியும் இறுகுகிறது. விருது வாங்கிக்கொண்டு ஹோட்டல் அறைக்குத் திரும்பினால் அங்கே இன்னொரு ரசிகை காத்திருக்கிறாள், பள்ளிக்கூடத்துப் பெண். ஈவ் கழற்றிப் போட்ட அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, விருதைக் கையில் பிடித்துக் கண்ணாடி முன்னால் வணக்கம் வைத்துப் பார்க்கிறாள். தொழில் நடந்துகொண்டே இருக்கிறது.

படத்துக்கு வெளியேயும் அதே கூத்துதான். மார்கோ வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் கிளாடெட் கோல்பெர்ட். அவருக்கு முதுகில் அடிபட்டதால் பெட்டி டேவிஸுக்கு வந்தது அந்த வாய்ப்பு. மாற்று நடிகையைப் பற்றிய படத்தின் கதாநாயகியே மாற்று நடிகை! ஆஸ்கரில் 14 பரிந்துரைகள், சிறந்த படம் உட்பட 6 விருதுகள். ஆனால் சிறந்த நடிகைப் பிரிவில் பெட்டி டேவிஸும் ஆன் பாக்ஸ்டரும் ஒருவருக்கொருவர் போட்டியாக நின்று, இரண்டு பேரும் தோற்று, ஜூடி ஹாலிடே வாங்கிக்கொண்டு போனார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம் நாடக உலகத்திலும் இந்தப் போட்டி இருந்தது, எக்கச்சக்கமாக இருந்தது. ஆனால் நம்மிடம் காரில் பெட்ரோலை வடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த வேலையைக் கடவுளே செய்துகொண்டிருந்தார்.

பாய்ஸ் கம்பெனிகளைச் சொல்கிறேன். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா ஒன்று. டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகத்துக்குள் நுழைந்தது அங்கேதான். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி இன்னொன்று. பி.யு. சின்னப்பா, எம்.ஜி.ஆர்., அவர் அண்ணன் சக்கரபாணி எல்லாம் அதில் வளர்ந்தவர்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனி, ஜெகந்நாத ஐயர் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனி என்று பட்டியல் நீளும். ஏழு எட்டு வயதில் பையனைக் கம்பெனி வீட்டில் கொண்டுவிட்டுப் பெற்றவர்கள் போய்விடுவார்கள். பலருக்கு அது சோற்றுக்கு வழி. அங்கே பாட்டு, வசனம், ஆட்டம், அடி எல்லாம் கிடைக்கும். நல்ல குரலும் முகமும் இருந்தால் ராஜபார்ட் அல்லது பெண் வேடமான ஸ்திரீபார்ட். இல்லையென்றால் சேவகன், தோழி, கும்பலில் ஒருவன்.

ராஜபார்ட் பையனுக்கு வாழ்வுதான். நோட்டீஸில் பெயர், ஊரில் பேச்சு, முதலாளியிடம் தனிக் கவனிப்பு. ஆனால் அவன் தொண்டைக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்பார்கள். நேற்று ராத்திரி உச்சத்தில் நின்று பாடியவன் இன்று வாயைத் திறந்தால் தகரத்தில் ஆணி கீறின மாதிரி வரும். பாட்டுதான் நாடகம் என்றிருந்த காலம், மைக்கும் கிடையாது. பாட முடியாத ராஜபார்ட்டை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? அடுத்த பையனைக் கூப்பிடுவார். அந்த அடுத்த பையனும் இதற்காகத்தான் திரைக்குப் பின்னால் நின்று எல்லாப் பாட்டையும் உதட்டுக்குள்ளேயே பாடிப் பாடி வைத்திருப்பான். அவனுக்கும் ஒரு மூன்று வருஷம்தான் கெடு என்பது அவனுக்கு அப்போது உறைக்காது.

சின்னப்பா ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் பெரிய நட்சத்திரம். அவர் ராஜபார்ட், பையன் எம்.ஜி.ஆர். அவருக்கு ஜோடியாக ஸ்திரீபார்ட் போட்டிருக்கிறார். சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. கம்பெனியை விட்டு வந்து, சொந்த ஊர்ப் பக்கம் சிலம்பம், குஸ்தி என்று உடம்பைத் தேற்றிக்கொண்டு இருந்தார். பிற்பாடு சினிமா அவரைக் கூப்பிட்டது, 1940இல் 'உத்தமபுத்திரன்' இரட்டை வேடம், 1942இல் 'கண்ணகி'. குரலும் வேறு மாதிரியாகத் திரும்பி வந்தது. அவருக்குத் திரும்பி வந்தது, எத்தனையோ பையன்களுக்கு வரவேயில்லை. அவர்கள் பெயர் எந்த நோட்டீஸிலும் மிச்சமில்லை. சிலர் அதே கம்பெனியில் சீன் இழுத்தார்கள், சிலர் ஹார்மோனியத்துக்குப் போனார்கள், சிலர் ஓடிப்போனார்கள்.

மார்கோவுக்கு நாற்பது வயதில் வந்த பயம் இந்தப் பையன்களுக்குப் பதின்மூன்றில் வந்திருக்கிறது! டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. ஷண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்று ஒரு பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார், தமிழில் நாடகத்தைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் அதைப் படிக்கலாம். சிறுவன் ஷண்முகத்துக்காகவே சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்த கதை பிரசித்தம். சுவாமிகளின் மேதைமைக்கு அத்தாட்சியாக எல்லோரும் அதைச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றும். அதே கம்பெனி வீட்டில் அன்று இரவு தூங்கிக்கொண்டிருந்த மற்ற பையன்கள் காலையில் எழுந்து விஷயத்தைக் கேட்டபோது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்? ஒருத்தனுக்காக வாத்தியார் ராத்திரி முழுக்க எழுதியிருக்கிறார். எனக்காக எழுதவில்லை. கோமதி நாயகம் பிறந்தது சூரபத்மன் போட்டியில் இல்லை, இப்படி ஒரு காலையில்தான் என்பது என் கட்சி. 'காவியத்தலைவன்' பார்க்கும்போது எனக்குச் சிவதாஸ் சுவாமிகள் மேல்தான் கோபம் வந்தது. இரண்டு பிள்ளைகளை ஒரே தட்டில் சோறு போட்டு வளர்த்துவிட்டு, சபை நடுவே ஒருவனை மட்டும் தூக்கி நிறுத்துகிறார். அப்புறம் தோற்றவனிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேச வேண்டாமா? படம் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, குருபக்தி கண்ணை மறைத்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், மகனோடு இங்கே வந்து தங்கியிருக்கிறார். ஈஜிபுராவில் தமிழ் பேச ஆள் தேட வேண்டியதில்லை. விவேக்நகர் குழந்தை இயேசு கோவில் வரை நடந்தால் போகிற வழியெல்லாம் தமிழ்தான். ஆனால் ஸ்பெஷல் நாடகம் பேச ஆள் கிடைப்பது அபூர்வம். இளவயதில் ஊர் ஊராகப் போய் விடிய விடிய நாடகம் பார்த்தவர், கொஞ்சநாள் ஒரு செட்டோடு சுற்றியும் இருக்கிறார். மொட்டை மாடியில் சிண்டெக்ஸ் டாங்க் நிழலில் உட்கார்ந்து இந்தப் பொறாமை, போட்டி எல்லாவற்றையும் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "தம்பி, நீங்க சொல்றது கம்பெனி நாடகம். எங்க பக்கம் போட்டி இல்லேன்னா நாடகமே இல்லயே" என்றார்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர், ஹார்மோனியம் மற்றொரு ஊர். திருவிழாக் கமிட்டி ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் எல்லோரும் சந்திப்பார்கள். நாடகம் எல்லோருக்கும் மனப்பாடம். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி', இப்படிச் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதை இருக்கிறது. அந்தப் பாதைக்கு நடுவில் தர்க்கம் என்று ஒரு மைதானம். நாரதர் வள்ளியைக் கேள்வி கேட்பார், வள்ளி பதிலால் மடக்குவாள். பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு, புராணத்துக்குப் புராணம். எழுதி வைத்த வசனம் இல்லை. அங்கே ஒருவர் வாயடைத்துப் போனால் உண்மையாகவே வாயடைத்துப் போய்விட்டார் என்று அர்த்தம். ஜனம் கதை தெரிந்துகொள்ளவா வருகிறது? வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் ஆகும் என்பது பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். இன்றைக்கு யார் யாரை மடக்குகிறார்கள் என்று பார்க்கத்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள்.

"மேடையில அடிச்சுக்குவாங்க. விடிஞ்சதும் ஒரே பஸ்ல டீ குடிச்சுக்கிட்டுப் போவாங்க" என்றார் பெரியவர். எல்லோரும் அப்படியா என்று கேட்டேன். "எல்லாரும் எப்படி இருப்பாங்க? சில பேரு இவரோட எனக்கு மேடை வேண்டாம்னு அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துருவாங்க" என்று சிரித்தார்.

இந்த மரபின் உச்சம் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். கிட்டப்பா செங்கோட்டைக்காரர், 1906இல் பிறந்தவர். ஒலிபெருக்கி வராத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் வெளியே கேட்ட குரல். கன்னையா கம்பெனியில் 'தசாவதாரம்' ஆடிப் பெயர் வாங்கியவர். சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஏழைச் சிறுமியைக் கண்டெடுத்து நாடகத்தில் சேர்த்தார்கள் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. (பெட்டி டேவிஸ் பிறந்ததும் 1908இல்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.) 1926இல் சுந்தராம்பாள் இலங்கையில் கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தபோது கிட்டப்பாவை அங்கே வரவழைத்து ஜோடி சேர்த்தார்கள். அவர் குரலுக்கு முன்னால் உன் குரல் எடுபடாது, வம்பில் மாட்டிக்கொள்ளாதே என்று அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியவர்கள் இருந்திருக்கிறார்கள். பதினெட்டு வயது. மேடை ஏறினார், ஈடு கொடுத்தார். 'சிங்கம் ஒரு பக்கம், புலி ஒரு பக்கம்' என்று ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. அடுத்த வருஷமே இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு அது இரண்டாவது கல்யாணம். பிணக்கு, பிரிவு, கடிதங்கள் என்று போன வாழ்க்கை அது. 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் கிட்டப்பா இறந்துபோனார். இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறிய சுந்தராம்பாள் இரண்டே வருஷத்தில் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார், ஒரு லட்ச ரூபாய் சம்பளத்துக்கு. அந்தக் காலத்து ஒரு லட்சம்! எதிரில் நின்று பாட வந்தவரைக் காதலித்து, இழந்து, கடைசியில் ராஜபார்ட் இடத்தையே தான் எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணின் கதை இது. 'காவியத்தலைவன்' இந்த ஜோடியின் நிழலில் எழுந்த படம் என்று எல்லோரும் எழுதினார்கள். படத்தில் வடிவாம்பாளாக வரும் வேதிகா நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் கதையின் போட்டியை இரண்டு ஆண்களுக்குள் மாற்றி வைத்ததும் அவள் பரிசுப் பொருளாகிவிட்டாள். அசலில் அவள் போட்டிக்காரி.

இது வசந்தபாலன் மட்டும் செய்த காரியமில்லை. தமிழ் சினிமாவில் இரண்டு பெண்கள் கலையில் மோதும் காட்சி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 1958இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடுவார்கள், பி.எஸ். வீரப்பா ஒரு வரி சொல்வார், அந்த ஒரே வரியில் அவர் சாகாவரம் பெற்றார். அபாரமான ஆட்டம், இன்றைக்குப் பார்த்தாலும் கண் இமைக்காது. ஆனால் அவர்கள் எதற்காக ஆடுகிறார்கள்? நடுவில் ஜெமினி கணேசன் இருக்கிறார். மார்கோவும் ஈவும் ஒரு வேஷத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள், நம் பெண்கள் ஒரு புருஷனுக்காக. மேடையே தன் வாழ்க்கை, அதை விட்டுத் தர மாட்டேன் என்று சொல்லும் பெண்ணை நம் திரை அநேகமாக நம்பவே இல்லை.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) கொஞ்சம் தேவலை. சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்துக்கு எதிராகச் சதங்கை கட்டி நிற்கிறாள் மோகனா. அங்கே கர்வத்தோடு கர்வம் மோதுகிறது. இயக்கிய ஏ.பி. நாகராஜன் டி.கே.எஸ். கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்தவர். சேலை கட்டிக்கொண்டு மேடையில் நின்று, எதிரே இருக்கிற ராஜபார்ட்டுக்கு ஈடு கொடுப்பது என்றால் என்னவென்று உடம்பால் தெரிந்தவர். அதனால்தான் மோகனாவுக்கு அந்த நிமிர்வு வந்தது என்று நினைத்துக்கொள்வேன். கதை கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதியது, முடிவில் கல்யாணம். போட்டி காதலாகக் கரைந்துவிடுகிறது, எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இன்னொரு கதையும் உண்டு, இது சினிமாவில் வராதது. 1940களின் நடுவில் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' எழுதுகிறார். சிவாஜி வேடத்துக்குப் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். ஏதோ காரணத்தால் அவர் விலகிக்கொள்கிறார். நாள் நெருங்கிவிட்டது. நடிகர் டி.வி. நாராயணசாமி ஒரு பையனைக் காட்டுகிறார், கணேசன் என்று பெயர், பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் சீதை வேஷம் கட்டி ஆரம்பித்தவன். வசனக் கட்டு தொண்ணூறு பக்கம் என்பார்கள். அண்ணா கொடுத்துவிட்டுப் போய்ச் சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது பையன் முழுக்கச் சொல்லிக் காட்டினான். நாடகத்தில் காகபட்டராக அண்ணாவே நடித்தார். பார்த்த பெரியார் அந்தப் பையனுக்கு சிவாஜி என்று பட்டம் கொடுத்தார்.

யோசித்துப் பார்த்தால் இது அப்படியே 'ஆல் அபௌட் ஈவ்' கதைதான். முதல் நடிகர் வரவில்லை, இரண்டாவது ஆள் மேடை ஏறினான், ஒரே இரவில் பெயர் பெற்றான். பெட்ரோல் வடித்த தோழி மட்டும் இல்லை. அதற்கப்புறம் அந்த இரண்டு பேரும் இருபது முப்பது வருஷம் தமிழ்நாட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், போஸ்டர் மேல் சாணி அடித்தார்கள். அவர்கள் இருவரும் 1954இல் 'கூண்டுக்கிளி'யில் ஒன்றாக நடித்துவிட்டு, மரியாதையாக அவரவர் வழியில் போனார்கள். எம்.ஜி.ஆரை நிஜமாகவே சுட்ட நடிகர் ஒருவர் உண்டு, அது 1967இல் எம்.ஆர். ராதா, ஆனால் அந்தச் சண்டை வேஷத்துக்காக வந்தது இல்லை.

அதனால்தான் கோமதி நாயகம் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது எனக்கு ஒப்பவில்லை. மொஸார்ட்டையும் சாலியேரியையும் வைத்து எடுத்த 'அமேடியஸ்' (1984) வாசனை இந்தப் படத்தில் தூக்கலாகவே அடிக்கும். அங்கேயும் சாலியேரி 'நான்தான் கொன்றேன்' என்று புலம்புகிறார், ஆனால் அந்தப் படம் அவரைச் சாகவிடாமல் உட்கார வைத்து, தன் இசையை ஊர் மறந்துபோவதைப் பார்க்க வைக்கிறது. இரண்டாம் இடத்துக்காரனுக்கு அதுதான் தண்டனை, கொலை எல்லாம் சுலபமான வழி. கோமதி சுடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். காளி இன்னும் பத்து வருஷம் நடித்திருப்பான். பேசும்படம் வந்திருக்கும். கொட்டகைகள் டாக்கீஸ் ஆகியிருக்கும். ஒரு ஸ்டூடியோ வாசலில் பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மந்திரி வேஷம் யாருக்கு, தளபதி வேஷம் யாருக்கு என்று காத்திருந்திருப்பார்கள். அந்தப் படத்தை நான் காசு கொடுத்துப் பார்ப்பேன்.

அதைவிட எனக்கு ஆசை, யாராவது மகரக்கட்டைப் படமாக எடுக்க வேண்டும். ஒரே ஒரு கம்பெனி வீடு, ஒரு சீஸன், ஒரு ராஜபார்ட் பையன், அவன் குரலில் முதல் பிசிறு விழும் நாளிலிருந்து கதை. அவனே முதலில் கண்டுபிடிக்கிறான், யாருக்கும் சொல்லாமல் சுருதியை அரைக் கட்டை இறக்கச் சொல்கிறான். ஹார்மோனியக்காரருக்குப் புரிந்துவிடுகிறது, அவர் வெளியே சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் நிற்கும் இரண்டாவது பையனுக்கும் புரிந்துவிடுகிறது. அவன் அன்றிலிருந்து மிளகும் பனங்கற்கண்டும் கொண்டுவந்து அவனுக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறான். அன்பாலா, அவசரத்தாலா, அவனுக்கே தெரியாது.

மாடியில் இதைச் சொன்னதும் பெரியவர் உடனே கேட்டார், "ஹீரோயின் யாரு?"

"ஹீரோயினும் ஒரு பையன்தான் ஐயா. ஸ்திரீபார்ட். அவனுக்குத்தான் முதல்ல மீசை முளைக்குது."

"அப்ப ஒரு பய காசு போட மாட்டான்" என்றார்.